நூற்று முப்பத்தோரு கேஸ் அடுப்புகள்

கஸ்தூரிரங்கனுக்குப் பிடிக்காத விஷயங்கள் உலகத்தில் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் விடப் பிடிக்காதது, டீக்கடையில் உட்கார்ந்து எழுதிய கணக்கு. படிவக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பி, முதல் நாலு வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மீதி நாற்பது வீட்டுக்கும் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே 'விறகு, நாளுக்கு மூன்று கிலோ' என்று நிரப்பிக்கொண்டு வருகிற ஆட்களை அவர் இருபத்தைந்து வருஷமாகப் பார்த்து வந்தார். அந்தக் காகிதங்களை இரண்டு விரலால் பிடித்து, அழுகின கத்தரிக்காயைத் தூக்கிப் போடுகிற மாதிரி ஓரமாகப் போடுவார்.

அடையாறு காந்தி நகரில் இருந்த எரிசக்தி ஆய்வு மையம் ஒன்றில் அவருக்கு வேலை. இந்த ஜனங்கள் எதை எரித்துச் சமைக்கிறார்கள், எவ்வளவு எரிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கரண்டுக்கு மீட்டர் இருக்கிறது, பெட்ரோலுக்கு பங்க் இருக்கிறது. பொறுக்கி வந்த சுள்ளிக்கும், மரத்தூளுக்கும், தென்னை மட்டைக்கும் யார் இருக்கிறார்கள்? கஸ்தூரிரங்கன் இருந்தார். துணிப்பையில் ஒரு ஸ்பிரிங் தராசைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். நாளைக்கு எரிக்கப் போகிற விறகைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, கயிற்றால் கட்டித் தூக்கி நிறுப்பார். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் மிச்சத்தை நிறுப்பார். கழித்தால் வருவதுதான் கணக்கு. வாயால் சொல்வது கணக்கில்லை. மயிலாப்பூரில் அவர் குடியிருந்த தெருவில் அவரை 'விறகுக்கடை ஐயங்கார்' என்றுதான் சொல்வார்கள். நெற்றியில் திருமண், தோளில் தராசுப் பை, வலது முழங்காலில் ஒரு வலி. அதனால் சற்றே சாய்ந்த நடை.

அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மையம் வெளியிட்ட கையேட்டில், ஐந்து பேர் கொண்ட சிக்கனமான குடும்பத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர் நாற்பத்திரண்டு நாள் வரும் என்று ஓர் அளவு உண்டு. பெரும்பாலான வீடுகளில் இருபத்தைந்து நாள் தாண்டாது. அந்த நாற்பத்திரண்டு நாள் வீடு அவருடைய வீடுதான். தன் பெயரில் உள்ள கேஸ் புத்தகத்தில் சிலிண்டர் வந்த தேதிகளைப் பார்த்து அவரே கணக்குப் போட்டது. மனைவி சுப்புலக்ஷ்மியின் கெட்டிக்காரத்தனத்தை ஆபீஸில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஊரார் வீட்டு விறகையெல்லாம் நிறுத்தவர் தன் வீட்டுச் சமையலறைக்குள் சாப்பாட்டு வேளை தவிர எட்டிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றாறில் தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரியோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு எல்லா நாடுகளும் நிலைத்த வளர்ச்சி என்று பேசத் தொடங்கியிருந்தன. காட்டையும் காற்றையும் கெடுத்துக்கொள்ளாமல் ஒரு நாடு முன்னேறுகிறதா என்று ஒரே பார்வையில் சொல்ல எண்கள் வேண்டுமாம். அவற்றுக்குக் குறியீடுகள் என்று பெயர். ஏழைகளில் நூற்றுக்கு எத்தனை வீடு புகையில்லாத எரிபொருளுக்கு மாறியிருக்கிறது என்பது அதில் ஒன்று. சென்னைக்கு மாதிரியாக மந்தைவெளிப் பக்கம் கால்வாயோரத்தில் இருந்த ஒரு குடிசைப் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

கஸ்தூரிரங்கன் ஆறு வாரம் அங்கேயே கிடந்தார். கால்வாய் நாற்றம் வேட்டியில் ஏறி, வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகவில்லை. ஒவ்வொரு குடிசையிலும் குனிந்து நுழைந்து அடுப்பைப் பார்த்தார், நிறுத்தார், மறுநாளும் போய் நிறுத்தார். விறகு, மரத்தூள், மண்ணெண்ணெய். கேஸ் அடுப்பு இருந்தது நாலே வீட்டில்.

தேசம்மா வீட்டில்தான் அவருக்கு ஒரு முக்காலி கிடைத்தது. நாற்பது வயதிருக்கும், ஒடிசலான பெண்மணி. அவர் உள்ளே நுழைந்ததுமே எங்கிருந்தோ அதை இழுத்து வந்து போட்டாள்.

"ஒக்காரு சார். முட்டி வலில குந்தவா முடியும் உன்னால? காபி தண்ணில்லாம் வெளில தொட மாட்டே, சோடா ஒண்ணு வாங்கியாறச் சொல்லட்டா?"

நடையைப் பார்த்து முட்டிவலியையும், நெற்றியைப் பார்த்து காபியையும் கண்டுகொண்டாள் என்று நினைத்துக் கஸ்தூரிரங்கன் அவள் புத்திசாலித்தனத்தை மெச்சினார். பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். ஈரச் சவுக்கு, நாலு கிலோ இருநூறு கிராம்.

செப்டம்பரில் இயக்குநர் சாய்நாத் அவரை அறைக்குள் கூப்பிட்டார். சாய்நாத் வெளிநாட்டில் படித்தவர், அவர் மேஜையில் தூசி இருக்காது, காகிதமும் அதிகம் இருக்காது. அன்று ஒரே ஒரு பட்டியல் இருந்தது.

"ரங்கன், கேஸ் ஏஜென்சி லிஸ்ட் வந்தாச்சு. உங்க கால்வாயோரத்துல மட்டும் நூற்று முப்பத்தோரு கனெக்ஷன். அறுபத்திரண்டு பர்சென்ட்! தில்லில துள்ளிக் குதிப்பாங்க."

"நாலுதான் சார். நான் நேர்ல பார்த்தேன்."

"நீங்க பார்த்தது சரி. அவங்க காட்டினது சரியா? மண்ணெண்ணெய் குறைஞ்சிடும்னு கேஸ் அடுப்பை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. ரேஷன் கார்டுகளையும் செக் பண்ணச் சொல்லிட்டேன். நூற்று முப்பத்தோரு கார்டுலயும் 'எரிவாயு இணைப்பு உண்டு'ன்னு சீல் இருக்கு. ரெண்டு ரெக்கார்டு ஒண்ணு சொல்லுது. உங்க தராசு மட்டும் வேற சொல்லுது."

அந்தக் கடைசி வார்த்தையைச் சாய்நாத் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கஸ்தூரிரங்கன் தராசுப் பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார். சிலிண்டரைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கலாம், சரி. நுழைந்தால் குப்புற விழுகிற அந்தக் குடிசைகளில் கட்டில் எங்கே இருக்கிறது? அதைவிட மோசம் அடுத்தது. தில்லிக்கு அனுப்பும் அட்டவணையின் ஒரு நகல் உணவு வழங்கல் அதிகாரிக்கும் போகும். சீல் உள்ள கார்டுக்கு மண்ணெண்ணெய் கிடையாது என்றுதான் உத்தரவு. ரேஷன் கடைக்காரன் நிலைமை தெரிந்தவன், கண்டும் காணாமல் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தான். மையமே அறுபத்திரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவன் யாருக்குப் பயந்து யாருக்கு ஊற்றுவான்? மழைக்காலத்தில் விறகு பற்றாது. மண்ணெண்ணெயும் இல்லையென்றால் நூற்று இருபத்தேழு வீட்டில் உலை ஏறாது.

"பத்து நாள் டைம் கொடுங்கோ," என்றார்.

மறுநாள் தேசம்மாவின் கார்டை வாங்கிப் பார்த்தார். ஊதா மையில் சீல் பளிச்சென்று இருந்தது.

"இது எப்படிம்மா வந்துது?"

"கார்டு வோணும்னாங்க, குட்தேன். திருப்பித் தர சொல்லோ சீலு கீது."

"யார் கேட்டா?"

தேசம்மா அவர் முகத்தை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு அடுப்பை ஊதக் குனிந்துகொண்டாள்.

"வேல செய்ற ஊட்ல சார். அத்தல்லாம் கேக்காத. வேல பூடும்."

பக்கத்துக் குடிசையிலும் அதே பதில், அதற்கடுத்ததிலும் அதே. எல்லோரும் பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் போகிறவர்கள். கஸ்தூரிரங்கனுக்கு விளங்கிவிட்டது. கேஸுக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். ஒரு சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வருவதற்குள் பட்டணத்துக் குடும்பங்கள் திண்டாடிப் போகும். அதற்கு மயிலாப்பூரும் தி.நகரும் கண்டுபிடித்த வழி இதுதான். வேலைக்காரியின் கார்டை வாங்கி, அவள் பெயரில் ஓர் இணைப்பு எடுத்து, சிலிண்டரைத் தன் வீட்டில் இறக்கிக்கொண்டு, கார்டை மட்டும் சீலோடு திருப்பிக் கொடுத்துவிடுவது. தினம் கோயிலுக்குப் போகிறவர்கள், மார்கழியில் பஜனைக்கு நிற்கிறவர்கள், பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பினவர்கள். கால்வாய் நாற்றம் தேவலை என்று தோன்றியது அவருக்கு.

அன்று சாப்பிடும்போது சுப்புலக்ஷ்மியிடம் கொதித்துத் தீர்த்தார்.

"வெட்கம் கெட்ட ஜென்மங்கள்! தன்னாத்துல பாத்திரம் தேய்க்கறவ அடுப்புலேர்ந்து நெருப்பை எடுத்துண்டு வந்து பாயசம் வெச்சுக்கறா. இவாளுக்கெல்லாம் சோறு எப்படி இறங்கறதோ தெரியலை."

சுப்புலக்ஷ்மி ரசம் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

பட்டியலைப் பொய் என்று நிரூபிக்க, சிலிண்டர் உண்மையில் எந்த வாசலில் இறங்குகிறது என்று தெரிய வேண்டும். வண்டியில் சிலிண்டர் போடுகிற கபாலியை மாட வீதியில் பிடித்தார்.

"கால்வாயோரத்துல எத்தனை வீட்டுக்குப் போடறே கபாலி?"

"நாலு ஊடு சார்."

"பட்டியல்ல நூற்று முப்பத்தொண்ணு இருக்கே?"

"பேரு அங்க, சிலிண்டரு இங்க. ஊருக்கே தெரியும்." கபாலி சட்டென்று நிறுத்தி அவரைப் பார்த்தான். "இன்னா சார், நெஜமாவே உனுக்குத் தெரியாதா?"

தெரியாததால்தானே கேட்கிறேன் என்று கஸ்தூரிரங்கன் எரிந்து விழுந்தார். கபாலி தலையைச் சொறிந்துகொண்டே வண்டிச் சீட்டுக்கு அடியிலிருந்து பழைய டெலிவரி நோட்டுகளை எடுத்துக் கொடுத்தான்.

ஆபீஸில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற ஜமீலுன்னிசாவை உட்கார வைத்து, பட்டியலில் உள்ள இணைப்பு எண்ணை அவர் வாசிக்க, நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே உள்ள விலாசத்தை அவள் வாசித்தாள். ஒரு வக்கீல் வீடு. ஒரு டாக்டர் வீடு. சபா செயலாளர் வீடு, அங்கே இரண்டு. தி.நகரில் துணிக்கடை முதலாளி வீட்டில் நாலு. ஒவ்வொன்றுக்கும் கஸ்தூரிரங்கன் "சீ!" என்றார். ஐம்பதைத் தாண்டியதும் சீ சொல்லவும் அலுத்துப்போய் வெறுமனே டிக் போட்டார்.

எண்பத்தேழாவது எண்ணை வாசித்தார். ஜமீலுன்னிசாவின் விரல் நோட்டில் ஓர் இடத்தில் நின்றிருந்தது.

"சார், டீ சாப்ட்டு வந்து பாக்கலாமே?"

"படிம்மா."

அவள் படிக்கவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வருஷாவருஷம் அவருடைய சம்பளச் சான்றிதழை டைப் செய்கிறவள் அவள். அந்தக் கதவு எண் அவளுக்கு மனப்பாடம். கஸ்தூரிரங்கன் தன் வீட்டு விலாசத்தை யாரோ அந்நியன் வீட்டு விலாசம் போல இரண்டு தடவை படித்தார். பட்டியலில் அதற்கு நேரே இருந்த பெயர், தேசம்மா.

கொல்லைப்புறத் துவைகல்லுக்குப் பக்கத்தில் குந்தியபடி பாத்திரம் தேய்க்கும் ஒரு முதுகு அவருக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த முதுகு வந்து போகிறது. சந்துக் கதவு வழியாக வரும், அதே வழியாகப் போகும். வீட்டில் அவளுக்குப் பெயர் 'அவ'. அவ வந்தாளா, அவ வரலை, அவ லீவு கேக்கறா. முகம் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தபோதும் தெரியவில்லை, முக்காலி போட்டு உட்கார வைத்து, முட்டிவலி விசாரித்தபோதும் தெரியவில்லை. தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குப் போய் நேரே சமையலறைக்குள் நுழைந்தார். மேடைக்கடியில் இரண்டு சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"எத்தனை வருஷமா இது?"

"அஞ்சு," என்றாள் சுப்புலக்ஷ்மி. அவள் பயப்படவில்லை. "ரெண்டாவது சிலிண்டருக்கு நீங்க எழுதிப் போட்டு எட்டு வருஷம் ஆச்சு. வந்துதா? நடுவுல கேஸ் தீர்ந்துபோனா அஞ்சு பேருக்குத் தளிகை எதுல பண்றது? எல்லாராத்துலயும் பண்றதைத்தான் நானும் பண்ணினேன். நாப்பத்திரண்டு நாள் வர்றது, நாப்பத்திரண்டு நாள் வர்றதுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேளே, ஒரு நாளாவது உள்ளே வந்து பாத்தேளா, எப்படி வர்றதுன்னு?"

கையேட்டை வைத்துக்கொண்டு எத்தனை ஊரில் எத்தனை பேர் பயிற்சி எடுத்தார்களோ! தேசத்துக்கே அளவு சொன்ன அந்த நாற்பத்திரண்டில் பாதி, தேசம்மா பெயரில் வந்த கேஸ். டீக்கடைப் பெஞ்சில் எழுதுகிறவனாவது ஒரு வாய் டீயோடு நிறுத்திக்கொண்டான்.

"அவதானே சொன்னா?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி. "நன்னா இருக்கு. பழைய புடவை, பொங்கலுக்குப் பணம்னு எவ்வளவு பண்ணியிருக்கேன்!"

கஸ்தூரிரங்கன் பதில் சொல்லாமல் வெளியே வந்தார். அப்போது அவருக்கு அவருடைய கோபமே பெரிதாக இருந்தது.

இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கபாலியைக் கேட்டார். கபாலி உதட்டைப் பிதுக்கினான். "அதுல கைநாட்டு யாருது சார்? தேசம்மாவுது. விசாரணைனு வந்தா யாரை இஸ்துகினு போவாங்க? உன்னியா?" கஸ்தூரிரங்கன் அந்த யோசனையை விட்டார். மிச்சம் இருந்த ஒரே வழி, அட்டவணை போகாமல் தடுப்பது. இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். நூற்று இருபத்தேழு சிலிண்டர்கள் எந்தெந்தத் தெருவில் எரிகின்றன என்று எண்ணிக்கை போட்டார். வேலைக்காரிகளின் பெயர்களை எழுதவில்லை. முதல் வரியாகத் தன் கதவு எண்ணைப் போட்டார்.

சாய்நாத் அதை நிதானமாகப் படித்தார்.

"உங்க வீடே இருக்கே ரங்கன்."

"இருக்கு."

"இதை அனுப்பினா உங்க கையேடும் போச்சு, மையத்தோட பேரும் போச்சு. முந்தின எல்லா டேபிளையும் சந்தேகப்படுவாங்க." சாய்நாத் குரலில் கோபமே இல்லை, அதுதான் சகிக்கவில்லை. "ஜனங்களுக்குக் கேஸ் வந்திருக்கு. எந்தக் கிச்சன்ல எரியுதுங்கறது இண்டிகேட்டர்ல கிடையாது. கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க."

குறிப்பு மேஜையின் இழுப்பறைக்குள் போனது. அறுபத்திரண்டு தில்லிக்குப் போனது. அச்சாகி வந்தபோது அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் 'கள ஆய்வு: கஸ்தூரிரங்கன்' என்று இருந்தது. அவர் பெயர் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சாய்நாத்துக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷம் தராசைத் தூக்கிச் சேர்த்த நல்ல பெயர் அதற்குத்தான் உபயோகப்பட்டது. கஸ்தூரிரங்கன் அந்தப் பக்கத்தைக் கழிப்பறையில் போய்க் கிழித்துப் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ராஜினாமா செய்யவில்லை. மூன்று பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபரில் சீல் போட்ட கார்டுகளுக்கு மண்ணெண்ணெய் நின்றது. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் பாத்திரச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். துவைகல்லருகே வேறொரு முதுகு குந்தியிருந்தது.

"அவளை நிறுத்தியாச்சு," என்றாள் சுப்புலக்ஷ்மி உள்ளிருந்தபடியே. "அப்பவே நிறுத்திட்டேன். ஆத்து விஷயத்தை வெளியிலே சொல்றவ எனக்கு வேண்டாம்."

கஸ்தூரிரங்கன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடைக்கடியில் குனிந்தார். தேசம்மாவின் கேஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அவள் பெயரில் வந்த சிலிண்டரை உருட்டி வெளியே கொண்டுவந்தார். முழங்கால் உயிர் போயிற்று.

"எடுத்துண்டு போங்கோ," என்றாள் அவள். "கேஸ் தீர்ந்தா உங்க தராசைக் கொண்டு வந்து நிறுத்து நிறுத்து விறகு வாங்கிப் போடுங்கோ."

சைக்கிள் ரிக்‌ஷாவில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு மழையோடு கால்வாயோரம் போனார். குடிசைக்குள் புகை மண்டிக்கிடந்தது. தேசம்மா இருமிக்கொண்டே வெளியே வந்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்து போட்டாள்.

"இது உன் பேர்ல இருக்கறது. உன்னுதும்மா," என்றார் கஸ்தூரிரங்கன்.

"இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? அடுப்பு இல்ல, ட்யூபு இல்ல. அப்பால ரீஃபில்லு துட்டுக்கு எங்க போவேன்? கிருஷ்ணாயிலு போச்சி, வேலயும் போச்சி. இப்ப வந்து இத்தக் குடுக்கிற."

கஸ்தூரிரங்கன் உட்காரவில்லை. தில்லி, சாய்நாத், இழுப்பறை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் காது கொடுக்கவில்லை.

"நா உங்கைல சொல்லவே இல்லியே சார். எவ்ளோ கேட்டே, நா வாயத் தொறந்தனா?" என்றாள். "அந்த ஒரு வார்த்தய மட்டும் அம்மாண்ட நீ சொல்லிருந்தா என் வேல பூட்டிருக்காது."

சொல்லியிருக்கலாம். சமையலறையில் நின்று, 'அவ சொல்லலை' என்று இரண்டு வார்த்தை. வாயால் சொல்வதைக் கணக்கில் சேர்க்காத மனுஷர், சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்லாமல் வந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது புகையால்தான் என்று அவளும் நினைத்திருப்பாள், அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

"சரி, எடுத்தாந்துட்டே. உள்ள வெய்யி," என்றாள் தேசம்மா. "இப்பதான் நெஜமாவே கேஸ் கீது. எழுதிக்கினு போ."

ரிக்‌ஷாக்காரன் சிலிண்டரை உள்ளே இறக்கினான். தில்லிக்குப் போன கணக்கில் இன்னும் ஒன்று மட்டும் அன்றைக்கு உண்மையாயிற்று. தேசம்மா நனைந்த சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, காயட்டும் என்று அந்தச் சிலிண்டரின் மேல் அடுக்கினாள்.